அகோலாவில் வெங்காயம் என்ன விலை?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு விருதுநகரில் பைரோஜா வீட்டுத் தொலைபேசி அடிக்கும். கூப்பிடுவது மகன் பைசல், மகாராஷ்டிரத்து அகோலாவிலிருந்து. முதலில் பைரோஜா பேசுவார். உடம்பு எப்படி, பணம் வந்ததா, தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் முடிந்த பிறகு ரிசீவரை மருமகள் தஹ்மீனாவிடம் நீட்டுவார். நீட்டிவிட்டு எழுந்து போகமாட்டார். அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகாத ஒரு பெண், அத்தனை காதுகளுக்கு நடுவே புருஷனிடம் என்ன பேச முடியும்?

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

பிறகு கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும் ஓடும். அங்கே எஸ்.டி.டி. பூத்தில் காசு ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் தஹ்மீனா, வாயில் வந்ததைச் சொல்வதுபோல, "இங்கன தக்காளி இருபது ரூவாயாம்" என்றாள்.

"இருபதா? இங்கன ஆறு ரூவா" என்றான் பைசல்.

"பொய் சொல்லாதீக."

"சத்தியமா. வண்டியில மலை மாதிரி குமிச்சு வச்சிருக்கான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கீரை உருவிக்கொண்டிருந்த பைரோஜாவும் சிரித்தார். மாமியாருக்கு முன்னால் தாராளமாகப் பேசக்கூடிய ஒரு பேச்சு தங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அன்றைக்குத் தஹ்மீனாவுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு வாரா வாரம் அதுதான். இங்கே முருங்கைக்காய் இரண்டு ரூபாய்க்கு மூன்று என்றால், அங்கே ஒரு காய் நாலு ரூபாய், அதுவும் வாடல். இங்கே தேங்காய் ஆறு, அங்கே பதினாலு. பெரிய வெங்காயம் இங்கே பத்து, அங்கே ஐந்து. கோதுமை மாவு அங்கே மலிவு. புழுங்கலரிசி அங்கே கிடையவே கிடையாது. குடிதண்ணீர் குடம் இங்கே ஒன்றரை ரூபாய் என்று அவள் சொன்னால், "இங்கன குழாயில வருது, ஆனா ரெண்டு நாளைக்கு ஒருக்க" என்று அவன் சொல்வான். அவள் அகோலாவைப் பார்த்ததில்லை. ஆனால் பச்சைப்பட்டாணி விலை இறங்கியது என்றால் அங்கே குளிர் வந்துவிட்டது, எலுமிச்சம்பழம் ஏறியது என்றால் வெயில் தொடங்கிவிட்டது என்று அவளாகவே கண்டுகொள்வாள். அந்த ஊரின் தெருக்கள்கூட அவள் மனதில் இருந்தன. ஒரு பக்கம் வெங்காய வண்டி, ஒரு பக்கம் கொய்யாப்பழக் கூடை, நடுவில் பை தூக்கிக்கொண்டு பைசல்.

பைசல் விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவருக்கு அகோலாவில் கொள்முதல் ஆளாக இருந்தான். துவரை விளைவது அங்கே. ஏலத்தில் நின்று சரக்கு எடுத்து, மூட்டை பிடித்து, லோடு ஏற்றி அனுப்பவேண்டியது அவன் பொறுப்பு. விருதுநகரில் அது மதிப்பான வேலை. "எம் மகன் வடக்க கம்பெனி ஆபீசைப் பாத்துக்கிறான்" என்பார் பைரோஜா. நோன்புப் பெருநாளுக்கு ஒரு தடவை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு தடவை வருவான். வரும்போது தேய்த்த சட்டையும் புதுச் செருப்புமாக வருவான். வந்த பத்தாம் நாள் போய்விடுவான்.

தஹ்மீனா சிவகாசிப் பெண். அவளுடைய அத்தா மீரான் மைதீன் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். வாலிபத்தில் காலண்டர் ஆர்டர் பிடிக்க நாக்பூர், இந்தூர் என்று சுற்றியவர். தாயில்லாத பிள்ளையைப் பக்கத்து ஊரிலேயே கட்டிக்கொடுத்தோம் என்று அவருக்கு நிம்மதி. மாப்பிள்ளை பக்கத்தில் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தெருவில் அவளுக்குப் பின்னால் கல்யாணமானவர்கள் பிள்ளையோடு நடந்தார்கள். வருகிறவர்கள் அவள் வயிற்றைப் பார்த்தபடியே நலம் விசாரித்தார்கள். பைரோஜா ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. ஆனால் அவர் சொல்லாததும் தஹ்மீனாவுக்குக் கேட்டது.

கோடை முழுக்க அவள் யோசித்தாள். யோசித்தது பெரிய காரியமில்லை. ஒரு வீட்டுக்கு மாசத்துக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வெங்காயம் என்று அவளுக்குத் தெரியும். அங்கே என்ன விலை என்பதை அவனே வாரா வாரம் சொல்லியிருக்கிறான். அரிசியும் தேங்காயும் முருங்கைக்காயும் தவிர எல்லாம் அங்கே மலிவு. மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"நீங்க சொல்ற வெலையைப் பாத்தா, நாம ரெண்டு பேரும் அங்கனயே சேந்து இருக்கலாம் போலயே."

பைரோஜாவின் கை கீரையில் நின்றது. 

"பாப்போம்" என்றான் பைசல். "லாரி வந்துருச்சு, வைக்கவா?"

அடுத்த வாரம் பேசியபோது வெங்காயம் பதினெட்டு ரூபாயாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் பட்டாணி, மாவு, எண்ணெய் எல்லாம் ஏறிவிட்டன. வீட்டு வாடகை கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது, ஓர் அறையே இரண்டாயிரம் என்றான். அவள் அகோலாவுக்கு வருவதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. துவரை வரத்து அதிகம் என்று சொல்லி அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரவில்லை. பெருநாள் வாழ்த்து சொல்லக் கூப்பிட்டபோது, கேட்காமலேயே, "துவரம்பருப்பே இங்கன நாப்பத்திரண்டு ரூவா. குடும்பம் நடத்துற ஊரா இது?" என்றான்.

அன்று சாயங்காலம் தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நின்றபோது பக்கத்தில் வள்ளித்தாய் நின்றாள். பின்தெருவில் இருப்பவள். பருப்பு மில்லில் கல்லும் சொத்தையும் பொறுக்கும் வேலை. ஏதாவது பேசவேண்டுமே என்று தஹ்மீனா சொன்னாள்: "அகோலாவுல துவரம்பருப்பு நாப்பத்திரண்டாம்க்கா."

வள்ளித்தாய் சிரித்தாள். "யாரு சொன்னா? போன வாரந்தான் எங்க மில்லுல அங்கேருந்து லோடு எறங்குச்சு. அம்புட்டு வெலை குடுத்து வாங்கி, லாரி வாடகையும் குடுத்து, இங்கன முப்பத்திரண்டுக்கு விக்க எங்க மொதலாளிக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

தஹ்மீனாவின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவள் பேச்சை மாற்றினாள். "போன்ல சரியா விழுந்திருக்காது தாயி. முப்பதும் நாப்பதும் ஒண்ணு போலத்தான் கேக்கும்."

குடம் நிறைந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பருப்பு விலையில் போய்ப் பொய் சொல்கிறவன் எதை மறைக்க அதைச் சொல்கிறான்? என்னை வரவிடாமல் செய்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? இல்லை, யார் இருக்கிறார்கள்?  

இரண்டு நாள் கழித்து, அத்தாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். மீரான் மைதீன் கடையில் காகிதக் கட்டுகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தீபாவளி சீசனும் முடிந்து காலண்டர் சீசனும் முடிந்து ஊரே கொஞ்சம் மூச்சு விடும் நேரம். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். 

"இங்கன உக்காந்து நெனச்சா நூறு நெனப்பு வரும்மா. நேர்ல போயிப் பாத்துருவோம்."

"சொல்லிட்டுப் போவமாத்தா?"

 "மாப்ளைட்ட வேணாம். உன் மாமிட்ட சொல்லாமப் போகக்கூடாது."

பைரோஜாவிடம் அவரே வந்து சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு எட்டு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னார். பைரோஜா சரி என்றார். பிறகு சமையலறைக்குள் போய் மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், வறுத்த இடியாப்ப மாவு என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். பையைத் தஹ்மீனாவிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எதுவா இருந்தாலும் வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லு. போன்ல வேணாம்."

மாமிக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சென்னைக்குப் போய் அங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ். ஒரு பகல், ஓர் இரவு. காலையில் அகோலாவில் இறங்கியபோது நல்ல குளிர். ஸ்டேஷனுக்கு வெளியே வண்டிகளில் பட்டாணியும் முள்ளங்கியும் கொய்யாவும் குவிந்திருந்தன. மீரான் மைதீன் பழைய இந்தியை நினைவுபடுத்திப் பேசி ஆட்டோ பிடித்தார். லாரி மூட்டைகளில் அச்சடித்திருக்கும் முகவரிதான் அவர்களிடம் இருந்தது.

அது பெரிய தகரக் கொட்டகை. வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சலீம் என்று பெயர் சொன்னார். பைசலின் மனைவியும் மாமனாரும் என்று தெரிந்ததும் தோள் துண்டால் ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். பைசல் ஏலத்துக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான் என்றார்.

"பைசல் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார் மீரான் மைதீன்.

"வீடா?" சலீம் உள்ளே கை காட்டினார். "இதுதான்."

மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் பலகையால் மறைத்த ஒரு மூலை. தரையில் சாக்கை நாலாக மடித்து விரித்து அதன்மேல் ஒரு போர்வை. ஒரு தகரப்பெட்டி. கயிற்றில் தேய்த்த சட்டைகள் இரண்டு, தூசு படாமலிருக்க பிளாஸ்டிக் பை மாட்டித் தொங்கின. அவள் கொடுத்துவிட்ட ஊறுகாய்ப் பாட்டில் கழுவித் துடைக்கப்பட்டு, அதில் பல்துலக்கும் பிரஷ் நின்றது. அடுப்பு இல்லை. பாத்திரம் என்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும். எங்கே தொட்டாலும் துவரைத் தூசி.

தஹ்மீனா நின்று பார்த்தாள். அவள் பயந்து வந்த எதுவும் அங்கே இல்லை. 

பைசல் வந்தவன் அவர்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்காக மாப்ளே. ஒண்ணுமில்ல. சும்மா பாக்கத்தான் வந்தோம்."

அவன் பலகை மறைவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். "சாப்பிட்டீகளா மாமா?" என்று கேட்டுவிட்டு, கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பது உறைக்க, தலையைக் குனிந்துகொண்டான். சலீம் டீக்கு ஆள் அனுப்பினார். மீரான் மைதீன் டீயைக் குடித்துவிட்டு, பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு சலீமோடு கிளம்பிவிட்டார். தொழுகைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பருப்பு நாப்பத்திரண்டுன்னு எதுக்குச் சொன்னீக?"

"நீ வாரேன்னுட்டயே."

"வந்தா என்ன?"

"வந்தா இதப் பாப்பியே."

அவன் மெல்லச் சொன்னான். முதலாளி சம்பளம் போக, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று தனியாகக் கொஞ்சம் கொடுக்கிறார். அதையும் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்புகிறான். சலீமும் மற்றவர்களும் வீட்டிலிருந்து கொண்டுவரும் சோள ரொட்டியில் பங்கு. அவர்கள் காசு வாங்கமாட்டார்கள், பெருநாளுக்கு அவன் துணி எடுத்துக் கொடுப்பான். "வந்த புதுசுல இது ஒரு மாசத்துக்குன்னுதான் இருந்தேன். அங்கன ஒரு அடுப்பு, இங்கன ஒரு அடுப்புன்னு எரிக்க முடியல. அப்பறம் பழகிருச்சு. ஊர்ல ஆபீசுன்னு சொல்லிக்கிட்டிருக்காக, அதையும் எப்படிக் கெடுக்க?"

"நான் என்னென்னமோ நெனச்சேன்."

"என்ன நெனச்ச?"

"வேற என்ன நெனப்பாக?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுற்றிலும் பார்த்தான். "இந்த மூட்டைக்கு நடுவுலயா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தூசிக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்று சலீம் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை, விருந்து வைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பவேண்டாம், கொஞ்சம் காய் வாங்கிப் போவோம் என்றாள் தஹ்மீனா. பைசல் அரைமனதாகச் சந்தைக்குக் கூட்டிப்போனான். தெருவோரம் கோணி விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவனைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ உரக்கச் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வண்டிக்காரனும் சேர்ந்துகொண்டான். பைசலின் காது சிவந்துவிட்டது.

"என்ன சொல்றாக?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

அவன் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து வெலை மட்டும் கேட்டுட்டுப் போற ஆளு, இன்னைக்கு வாங்க வந்துட்டானேன்னு சொல்றாக."

தஹ்மீனாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அடுப்பில்லாதவனுக்கு வெங்காயம் என்ன விலையாக இருந்தால் என்ன? இரண்டரை வருஷமாக, தொழுகை முடிந்ததும் இந்தத் தெருவில் கடை கடையாக நின்று தக்காளி எவ்வளவு, முருங்கைக்காய் எவ்வளவு என்று கேட்டு, அவர்கள் கேலியையும் வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டுபோய் பூத்தில் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் குனிந்து உட்கார்ந்து, கை ஜாடையிலேயே பேரம் பேசி, பை நிறைய வாங்கினாள். அந்த அம்மாள் ஒரு கைப்பிடி கொத்தமல்லியைச் சும்மா போட்டாள்.

மீரான் மைதீன் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புவது என்றுதான் முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை மேல் குற்றமில்லை, நல்ல பையன், போதும். "அவரு வேற எடத்துல வேலை பாக்கட்டும். அதுவரைக்கும் நீ எங்கூட வந்து இரும்மா. பாஷை தெரியாத ஊரு."

"நான் இங்கனயே இருக்கேன்த்தா."

"சாமான் ஒண்ணுமில்லயே பிள்ளே. ஒரு கரண்டிகூட இல்ல."

"கரண்டி வாங்கிக்கலாம்."

அவர் வாதம் செய்யவில்லை. சலீமோடு போய், இரண்டு தெரு தள்ளி அறுநூறு ரூபாய் வாடகையில் ஓர் அறை பார்த்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றும் பாய் ஒன்றும் வாங்கிப்போட்டார். ரயில் ஏறும்போது மருமகனின் தோளைத் தட்டி, "ஒங்க அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன் மாப்ளே" என்றார். விருதுநகரில் இறங்கி நேராகப் பைரோஜா வீட்டுக்குப் போய், கண்டதை அப்படியே சொன்னார். பைரோஜா முழுக்கக் கேட்டாராம். பிறகு, "இம்புட்டு நாளும் நான் மீன் குழம்பு வச்சுத் தின்னுருக்கேன்" என்றாராம்.

தனிக்குடித்தனம் சுலபமாக அமைந்துவிடவில்லை. விலையை மட்டும் கேட்டுக் குடும்பம் நடத்திவிடலாம் என்று தஹ்மீனா நினைத்தது முதல் மாதத்திலேயே பொய்த்தது. அவள் விருதுநகரில் சமைத்ததையே அங்கேயும் சமைத்தாள். தேடிப்பிடித்து அரிசி, சட்னிக்குத் தேங்காய், கிடைக்கும்போதெல்லாம் முருங்கைக்காய். மாசக் கடைசியில் கை காலியாகிவிட்டது. அடுத்த அறையில் சுமன்பாய் என்று ஒரு நூல்மில் தொழிலாளியின் மனைவி இருந்தாள். அந்த வீட்டில் நாலு பேர், இவர்களைவிடக் குறைந்த வருமானம், ஆனால் கடைசி வாரத்திலும் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. தஹ்மீனா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

சோள மாவை வெந்நீரில் பிசைந்து கையாலேயே தட்டிச் சுடுகிற ரொட்டி. கடலைமாவைக் கரைத்துக் கிண்டிய பிட்லா. ஒரு பச்சை வெங்காயம். சோளம் என்றால் வெம்பக்கோட்டைப் பக்கம் மாட்டுக்குத் தட்டைக்காக விதைப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். அங்கே ஊரே அதைத்தான் சாப்பிட்டது, அதனால்தான் அது மலிவு. அந்த ஊரின் மலிவு அந்த ஊர்ச் சாப்பாட்டில் இருந்தது. தட்டப் பழகுவதற்குள் எத்தனையோ ரொட்டி கிழிந்தது. கடைசியில் வட்டமாக ஒன்று வந்த நாள், பெருமையாகப் பைசலின் தட்டில் வைத்தாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு வருசமா இதத்தான் திங்கிறேன். நீ வந்தாலாவது சோறு கிடைக்கும்னு பாத்தேன்" என்றான்.

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும். சோறா, வாடகையா?"

அன்றைக்கு அவர்களுக்குள் முதல் சண்டை வந்தது. மறுநாள் பகல் முழுவதும் யோசித்துவிட்டுச் சாயங்காலம் அவளே ஒரு வழி சொன்னாள். பகலில் ரொட்டி, ராத்திரிக்குச் சோறு, தேங்காய் வெள்ளிக்கிழமை மட்டும். அவனும் ஒத்துக்கொண்டான். பொட்டுக்கடலையோடு வேர்க்கடலை சேர்த்து அரைத்தால் தேங்காய் இல்லாத சட்னியும் நன்றாகத்தான் இருந்தது.

வெயில் காலம்தான் கொடுமை. விருதுநகர் வெயிலில் வளர்ந்தவளுக்கே அந்த ஊர் வெயில் தாங்கவில்லை. கூலர் வாடகைக்கு எடுத்ததில் கரண்ட் காசு எகிறியது. தண்ணீர் நாள் கணக்கில் வராது. அந்த இரண்டு மாசத்தில், குளிர்காலத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விட்டது. டாக்டரிடம் போனால் ஊரில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் முடிகிற காரியத்துக்கு இங்கே பையைத் திறக்கவேண்டியிருந்தது. பைரோஜா ஊரில் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்று போனில் சொன்னபோது, தஹ்மீனாவுக்கு விருதுநகரின் மேல் ஆசையாகக்கூட வந்தது. ஆனால் சாயங்காலம் பைசல் தலையில் தூசியோடு வந்து வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது அந்த நினைப்பு வராது.

மறு வருஷம் அவள் பிள்ளை உண்டானாள். பிரசவம் சிவகாசியில்தான் என்று மீரான் மைதீன் சொன்னார். ஏழாம் மாசத்தில் அவள் ஊருக்கு வந்தாள், பெண் பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் அகோலாவுக்குத் திரும்பியபோது, இந்தத் தடவை பைரோஜாவும் கூடப் போனார். வீட்டைப் பூட்டிச் சாவியை வள்ளித்தாயிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மகன் ஆபீசைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பைசலே கூட்டிப்போய்க் காட்டினான். பலகை மறைவுக்குப் பின்னால் இப்போது காலிச் சாக்குகள் கிடந்தன. பைரோஜா அந்தத் தரையை ஒரு தடவை குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சலீமைக் கூப்பிட்டு, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, "நீங்க நல்லா இருக்கணும்யா" என்றார். சோள ரொட்டியை மட்டும் கடைசிவரை அவர் தொடவில்லை. பேத்தி சிரிக்கத் தொடங்கும்வரை இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

2009இல் முதலாளி அகோலாக் கொள்முதலை நிறுத்தினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் பர்மாத் துவரை வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அவ்வளவு தூரத்தில் ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. பைசலை ஊருக்கே வரச் சொல்லி, கிட்டங்கியில் சரக்கு வரவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே கொடுத்த மேல்செலவுப் பணம் இங்கே இல்லை. ஊர் திரும்ப அதிகம் தயங்கியவள் தஹ்மீனாதான். சாமான்களைக் கட்டும்போது சுமன்பாய் வந்து உட்கார்ந்து அழுதாள். ரொட்டி சுடும் கல்லை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் அது அகோலாவிலேயே இருந்துவிட்டது.

விருதுநகரில் பைரோஜாவின் வீட்டிலேயே மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டினார்கள். அதற்கு மேல்கூரை தகரம்தான். கிட்டங்கி நாலு தெரு தள்ளி. மதியம் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் பைசல் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். மகள் வாசலிலேயே அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே கை கழுவிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய்ச் சாப்பிட உட்காருவான்.